திருமலைப் பாறைகளில் ஒரு பொற்பல்லி

காஞ்சி வரதராஜப் பெருமாளைச் சேவிக்கச் செல்லும் அன்பர்கள், அங்குள்ள தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்காமல் திரும்புவதில்லை. முனிவரின் சாபத்தால் பல்லிகளான சீடர் இருவர் பெருமாளின் அருளால் சாப விமோசனம் பெற்றனர் என்கிறது தலவரலாறு. அப்பல்லிகள் உலோகத்தில் செய்தவை. உயிருள்ள பொன்னிறப் பல்லி ஒன்று ஏழுமலையான் எழுந்தருளியிருக்கும் மலையிலேயே வாழ்ந்து வருவதை நம்மில் பலர் அறியோம்.

சேஷாசலத்தின் பாறை இடுக்குகளும் குகைகளுமே அதன் இல்லம். 1870-ஆம் ஆண்டில் பெட்டோம் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, திருப்பதி மலைகளில் கிடைத்த இப்பல்லியை அறிவியல் உலகுக்கு அறிவித்தார். அவர் இட்ட பெயரிலும் பொன் என்று பொருள்படும் சொல் இருக்கிறது. அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அறிஞர் கண்ணில் அது படவேயில்லை. 1980-களில்தான் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மீண்டும் காணப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கோவிந்த நாமம் முழங்க எத்தனை இலட்சம் பேர் அம்மலையில் ஏறி இறங்கியிருப்பர்!

காணக் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. பகலெல்லாம் பாறைப் பிளவில் ஒடுங்கியிருந்து, இருள் சூழ்ந்தபின் பூச்சிகளைத் தேடி வெளிவரும் உயிர் அது. பளிச்சிடும் பொன்மஞ்சள் ஆணுக்கே உரியது. பெண்ணும் குஞ்சும் பாறையின் நிறத்தோடு ஒன்றிவிடும். வீட்டுப் பல்லியினும் பருத்த உடல். விரல் நுனிகள் அகன்று பாறையைப் பற்றிக்கொள்ளும். குரலும் உண்டு. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் நமக்கு அது புதுமையன்று.

முட்டையிடும் முறைதான் வியப்பினும் வியப்பு. மழை படாத பாறைச் சுவரைத் தேர்ந்து, பல பெண் பல்லிகள் ஒரே இடத்தில் முட்டைகளை ஒட்டிவைக்கின்றன. அப்பாறையைப் பெயர்த்தாலோ, அதன் அடியில் தீ மூட்டினாலோ ஒரு தலைமுறையே அழிந்துபோகும். பாறைமேல் வண்ணத்தால் பெயர் எழுதுவோர் இதை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

வேலூர்ப் பக்கத்துக் குன்றுகளிலும் இப்பல்லி காணப்பட்டுள்ளது. இதன் நெருங்கிய உறவான மற்றோர் இனம் இலங்கையின் பாறைக் குகைகளில் வாழ்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொற்பல்லிக்குக் காவல் அளிக்கிறது. சேஷாசலக் காடுகளும் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் மலைப்பாதையில் அந்தி சாயும் நேரத்தில் நடந்து செல்வோர் நாமே. அருகிலுள்ள பாறைப் பிளவில் அது அப்போதுதான் கண்விழித்திருக்கும்.