சமையல் மேடைக்கு எந்தக் கல்?

வடநாட்டு நகரங்களில் வீடு கட்டும் நம்மவர் பலர், சமையல் மேடைக்குச் சலவைக்கல்லை விரும்புகின்றனர். இராஜஸ்தானம் அருகிலிருப்பதால் அது எளிதில் கிடைக்கிறது. தாஜ்மகாலுக்குக் கல் அளித்த மக்ரானாவின் பெயரைக் கடைக்காரர் சொல்லிவிட்டால், மறுக்க மனம் வருவதில்லை. ஆனால் சில வாரங்களுக்குள் மேடையில் மங்கிய வட்டங்கள் தோன்றுகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் அவை போவதில்லை.

அவை கறைகள் அல்ல. சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியதே சலவைக்கல். புளியில் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும், தயிரில் லாக்டிக் அமிலமும் உள்ளன. இவற்றுள் எது பட்டாலும் கல்லின் மேற்பரப்பு சிறிது கரைகிறது; கரியமில வாயு வெளிப்படுகிறது; மெருகு அழிகிறது. கரைந்துபோன கல்லை எந்தச் சோப்பு மீட்டுத் தரும்? மீண்டும் தேய்த்து மெருகிடுவதே வழி. நாள்தோறும் ரசம் கொதிக்கும் வீட்டில் அதை எத்தனை முறை செய்ய இயலும்?

கோட்டாக் கல்லும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக்கல் இனத்தவையே. விலை மலிவு, தரைக்கு நன்கு உழைப்பவை. பம்பாய்ச் சமையலறைகளில் கடப்பைக் கல் நெடுநாளைய பழக்கம். அதன் கருமையைக் கண்டு கருங்கல் என்று எண்ணிவிடலாகாது. புளி அதையும் மங்கச் செய்யும்.

கருங்கல்லாகிய கிரானைட்டின் கதை வேறு. பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் பிறந்தது அது. அதிலுள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவையில் 7. சலவைக்கல்லின் கால்ஸைட்டுக்கோ 3தான். கத்தி கீறுவது சலவைக்கல்லையே. சமையலறை அமிலங்களும் கிரானைட்டை எளிதில் தீண்டுவதில்லை. நம் பாட்டியர் புளி வைத்து அரைத்த அம்மி கருங்கல்லாயிருந்தது காரணமின்றி அன்று! கிருஷ்ணகிரிக் கல்தான் வேண்டுமென்பதில்லை; இராஜஸ்தானத்து ஜாலோரிலேயே நல்ல கிரானைட் வெட்டுகிறார்கள்.

கடையில் ஐயம் எழுந்தால் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். மெருகிடாத விளிம்பைக் கத்திமுனையால் சுரண்டி, அந்தப் பொடியின்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு இனம்.

முன்பே சலவைக்கல் பதித்துவிட்டவர்கள், புளிக்கரைசல் சிந்திய உடனே நீரால் துடைத்துவிட வேண்டும். எலுமிச்சை நறுக்க ஒரு மரப்பலகை போதும். குளியலறைக்கென வாங்கும் அமிலத்தை மட்டும் அந்த மேடைப் பக்கம் கொண்டுவரவே கூடாது.