தாழப் பறக்கும் கணக்கெடுப்பு: ஆபத்தும் உரிமையும் இழப்பீடும்

காட்டு விலங்குகளின் எண்ணிக்கை, ஆற்றுப்படுகையில் மீன்கள் தோண்டும் முட்டைக்குழிகள், நிலத்தடிப் பாறைகளின் காந்தத் தன்மை ஆகியவற்றை அறிவதற்காக, தரைக்கு மிக அருகில், சில வேளைகளில் மரமுகட்டை ஒட்டிய உயரத்தில், மெதுவாகப் பறந்து செய்யப்படும் வேலை தாழ்பறப்பு வான்வழிக் கணக்கெடுப்பு எனப்படுகிறது. இதில் விமானியுடன் செல்பவர்கள் பெரும்பாலும் உயிரியலாளர்களோ நிலவியலாளர்களோ ஆவர். பறத்தல் அவர்களுடைய தொழில் அன்று, ஆயினும் வனவிலங்குப் பணியில் உயிர்களை மிகுதியாகப் பறித்தது பறத்தலே. அமெரிக்காவில் 1937 முதல் 2000 வரை பணியின்போது இறந்த வனவிலங்குப் பணியாளர்களைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வொன்று, பதிவான 91 இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வான்விபத்துகளால் நேர்ந்தவை எனக் கணக்கிட்டது. அதற்குப் பின்னும் 2020 ஆகஸ்டில் டெக்சாஸின் பிளாக் கேப் வனப்பகுதியில் பெருங்கொம்பு ஆடுகளைக் கணக்கெடுக்கச் சென்ற மாநிலப் பணியாளர் மூவரும், 2023 ஜூலையில் அலாஸ்காவின் வடகோடியில் களப்பணிக்குச் சென்ற மாநில நிலவியல் துறையினர் மூவரும் அவர்களுடைய விமானியும் ஹெலிகாப்டர் விபத்துகளில் உயிரிழந்தனர்.

உயரம் என்பது விமானிக்குக் கிடைக்கும் கால அவகாசமே ஆகும். எஞ்சின் நின்றுபோனாலும் ஹெலிகாப்டர் உடனே கல்லைப்போல் விழுவதில்லை. விமானி சுழலித் தகடுகளின் சாய்வைக் குறைத்தால், இறங்கும்போது கீழிருந்து மேலெழும் காற்று சுழலியைத் தொடர்ந்து சுற்றவைக்கும், அந்தச் சுழற்சியில் எஞ்சியிருக்கும் ஆற்றலைக் கொண்டு கடைசிக் கணத்தில் வேகத்தைத் தணித்துத் தரையிறங்க முடியும். தன்சுழற்சி இறக்கம் எனப்படும் இம்முறைக்குப் போதிய உயரமோ போதிய முன்வேகமோ இருந்தாக வேண்டும். இரண்டும் குறைவாக உள்ள நிலைகளை ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேடும் ஒரு வரைபடத்தில் குறித்துத் தவிர்க்கச் சொல்கிறது. கணக்கெடுப்பு வேலையோ பெரும்பாலும் அந்நிலைகளிலேயே நடைபெற வேண்டியிருக்கிறது. பள்ளத்தாக்குகளின் குறுக்கே செல்லும் மின்கம்பிகள் மற்றோர் ஆபத்து. வானிலிருந்து பார்ப்பவருக்குக் கம்பி பின்புலத்தோடு கலந்து மறைந்துவிடும் என்பதால், அனுபவமுள்ள விமானிகள் கம்பியைத் தேடாமல் அதைத் தாங்கும் கம்பங்களைத் தேடி, கம்பத்தின் மேலாகவே கடக்கின்றனர்.

அச்சுறுத்தல் வெளியிலிருந்துதான் வரும் என்பதும் இல்லை. 2010 ஆகஸ்ட் 31 அன்று, சினூக் சால்மன் மீன்களின் முட்டைக்குழிகளை எண்ணுவதற்காக அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செல்வே ஆற்றை நோக்கிப் புறப்பட்ட ஹில்லர் யுஎச்-12இ வகை ஹெலிகாப்டர், கமியா என்னும் சிற்றூரில் விழுந்து நொறுங்கியது; விமானியும் மாநில மீன், வனவிலங்குத் துறையின் உயிரியலாளர் இருவரும் இறந்தனர். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரியவந்த காரணம், ஹெலிகாப்டருக்குள் இருந்த ஒரு கிளிப்போர்டு, அதாவது தேர்வெழுதும் மாணவர் கையில் வைத்திருப்பது போன்ற அட்டை, வெளியே போய் வால் சுழலியில் மோதியது என்பதே. முதன்மைச் சுழலி ஒரு திசையில் சுற்றும்போது ஹெலிகாப்டரின் உடல் எதிர்த்திசையில் சுற்றிவிடாமல் தடுப்பது வாலிலுள்ள அச்சிறு சுழலி. அது சிதைந்தால் கட்டுப்பாடு விமானியின் கையை விட்டுப் போய்விடும். இதை அரிதினும் அரிதான தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2018 அக்டோபரில் நியூசிலாந்தின் வனாகாவிலிருந்து, இமயத்திலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருகிவிட்ட தார் ஆடுகளைக் கட்டுப்படுத்தும் பணிக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டரின் கதவு பறக்கும்போதே திறந்துகொண்டு, உள்ளே கிடந்த வேலை உடை ஒன்று வெளியே போய் வால் சுழலியில் சிக்கியதில் மூவர் இறந்தனர். விமானியின் திறமையையும் எஞ்சினின் நிலையையும் அக்கறையோடு சோதிக்கும் துறைகள், பயணியின் மடியில் இருக்கும் பொருளைக் கட்டி வைத்திருக்கிறார்களா என்பதில் அதே அக்கறையைக் காட்டத் தவறுவது வியப்புக்குரியது.

எனவே, புறப்படுவதற்கு முன்பு கேட்பதற்கும் மறுப்பதற்கும் உள்ள உரிமையே முதன்மையானது. அமெரிக்கக் கூட்டாட்சி நில மேலாண்மைத் துறைகள் பயன்படுத்தும் ஐந்து படிச் சோதனையில், விமானிக்கும் ஹெலிகாப்டருக்கும் இவ்வகைப் பணிக்கான ஒப்புதல் அட்டை உள்ளதா, பறப்புத் திட்டம் பதிவாகி யாரேனும் அதைக் கண்காணிக்கிறார்களா, பாதுகாப்பு உடை அணியப்பட்டுள்ளதா, பணியின் ஆபத்துகள் விமானிக்கு விளக்கப்பட்டனவா, பயணிகளுக்கு இருக்கைப் பட்டை முதல் பொருள்களைக் கட்டுவது வரை சொல்லித் தரப்பட்டதா என்பவை அடங்கும். உடனடி உயிராபத்து உண்டு என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, வேறு வழியும் நேரமும் இல்லாதபோது, வேலையை மறுக்கலாம் என்னும் விதியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1980இல் ஏற்றது. ஆனால் அந்த விதிக்கு அடிப்படையான கூட்டாட்சித் தொழிற்பாதுகாப்புச் சட்டம் மாநில அரசு ஊழியரைத் தானாகக் காப்பதில்லை. தனக்கென ஒப்புதல் பெற்ற தொழிற்பாதுகாப்புத் திட்டம் இல்லாத ஐடஹோ போன்ற மாநிலங்களில், துறை எழுதி வைத்திருக்கும் பாதுகாப்பு விதிமுறையையே ஊழியர் பெரிதும் நம்பியிருக்க வேண்டியுள்ளது. ஹெலிகாப்டர் தவிர்க்க முடியாததா என்ற கேள்வியும் இங்கே எழ வேண்டும். கமியா விபத்துக்குப் பின் ஸ்னேக் ஆற்றில் முட்டைக்குழிகளை எண்ணுவதற்குச் சிறிய ஆளில்லா விமானங்கள் சோதிக்கப்பட்டுப் பயன்பாட்டுக்கு வந்தன.

விபத்துக்குப் பிந்தைய நிவாரணத்தின் எல்லைகள் பலரும் எண்ணுவதைவிடக் குறுகியவை. அமெரிக்க மாநிலங்களின் தொழிலாளர் இழப்பீட்டு முறை, யார் மீது தவறு என்று ஆராயாமலே குடும்பத்துக்குப் பணம் தருகிறது. அதற்கு ஈடாக, வேலையளித்தவர் மீது தனி வழக்குத் தொடரும் வழியைப் பொதுவாக அடைத்துவிடுகிறது. வாடகைக்கு ஹெலிகாப்டர் தந்த நிறுவனம், அதை உற்பத்தி செய்த நிறுவனம் போன்ற மூன்றாம் தரப்பினர் மீது வழக்கிடலாம் என்றாலும், சிறிய வானூர்தி முதன்முதலில் விற்கப்பட்டு 18 ஆண்டுகள் கடந்திருந்தால், சில விலக்குகள் நீங்கலாக, உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஹில்லர் யுஎச்-12இ 1950களின் இறுதியில் உருவான வகை என்பதை நினைத்தால் இதன் கடுமை புரியும். கமியா விபத்தில் இறந்த விமானியின் குடும்பம், கிளிப்போர்டு வெளியே போனதற்கு உயிரியலாளர் ஒருவரின் கவனக்குறைவே காரணம் என்று கூறி மீன், வனவிலங்குத் துறை மீது வழக்குத் தொடுத்தது. விமானி அத்துறையின் நேரடி ஊழியர் அல்லர். இருப்பினும் ஒப்பந்த வேலை வாயிலாக அத்துறையே அவருக்குச் சட்டப்படியான வேலையளிப்பவர் ஆகிறது, ஆகவே வழக்குக்கு ஆளாகாது என்று ஐடஹோ உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக்காரர் மூலம் பறப்பவர்கள் யாருடைய காப்பீடு தங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கையெழுத்திடும்போதே கேட்டறிய வேண்டியது இதனால்தான்.

விசாரணை அறிக்கையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. இந்தியாவும் இலங்கையும் அங்கம் வகிக்கும் பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பின் 13ஆம் பின்னிணைப்பின்படி, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நிகழாமல் தடுப்பது. பழியையோ பொறுப்பையோ பிரித்தளிப்பது அன்று. அமெரிக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பாதுகாப்பு வாரியம் கூறும் காரண முடிவை இழப்பீட்டு வழக்கில் சான்றாக ஏற்பதில்லை. ஆனால் அளவீடுகள், உடைந்த பாகங்களின் சோதனை போன்ற செய்திகளை மட்டும் தரும் விவர அறிக்கை அத்தடைக்குள் வராது. குடும்பத்தாரும் அவர்களுடைய வழக்கறிஞரும் முதலில் தேடிப் பெற வேண்டிய ஆவணம் அதுவே.