ட்றம்பெற் வாயின் தகடும் அதன் ஒலியும்

ட்றம்பெற் என்னும் பித்தளை வாத்தியத்தின் முனையில் மலர்ந்து விரியும் வாய்ப்புறம், நாதசுரத்தின் அணசை ஒத்தது. அவ்வாயின் தகடு மெல்லியதாயின் வாத்தியம் விரைந்து குரல் கொடுக்கும் என்றும், தடித்ததாயின் நாதம் கனத்து உறுதி பெறும் என்றும் வாசிப்போர் கூறுவர். பெரும்பொருள் கொடுத்து வாங்குவோரும் இதனை நம்பியே தெரிவு செய்கின்றனர். வின்சென்ற் பாக் என்னும் பெயரில் வரும் ட்றம்பெற்றுக்கள் மெல்லிய வாயுடனும் தடித்த வாயுடனும் கிடைக்கின்றன. டேவிட் மொனெற் என்பார் செய்யும் மிகக் கனமான ட்றம்பெற்றுக்களை வாசிப்பவருள் வின்ரன் மார்சாலிஸ் ஒருவர். இந்நம்பிக்கைக்குப் பௌதிகவியல் எவ்வளவு இடம் தருகின்றது?

ஒலிப்பது பித்தளையன்று, உள்ளே உள்ள வளிநிரலே. இதழ்கள் அதிர, அலையானது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமான குழாய்வழியே சென்று வாயை அடைகின்றது. தாழ்ந்த அதிர்வெண்களில் அதன் பெரும்பகுதி வெளியேறாது தெறித்து மீளுகின்றது. மீண்டு வரும் அலையே இதழ்களின் அடுத்த அசைவை ஒழுங்குபடுத்துகின்றது. ஊதியவுடன் சுரம் பிடித்துக்கொள்வதும், பிடியாது வழுக்குவதும் பெரிதும் இம்மீட்சியைப் பொறுத்தவை. இதனை முதன்மையாக நிருணயிப்பது குழாயினதும் வாயினதும் உள்வடிவமேயன்றித் தகட்டின் தடிப்பன்று.

எனினும் தகடு வாளா இருப்பதில்லை. உரத்து ஊதும்போது அதன் துடிப்பை விரலால் தொட்டே உணரலாம். றிச்சட் ஸ்மித் என்பார் தடிப்பு வேறுபட்ட ட்றொம்போன் வாய்களைக் கொண்டு பரிசோதனை நடத்தி, 1986இல் அதனை எடுத்துரைத்தார். தூக்கும் பாரம் உண்மையைக் காட்டிக்கொடாதவாறு சமப்படுத்தி, தேர்ந்த வாசிப்பாளர்களைக் கண்கட்டி ஊதச் செய்தார். எது மெல்லியது, எது தடித்தது என அவர்களால் நம்பத்தக்கவாறு பிரித்தறிய இயலவில்லை. ஆயின் விவாதம் அத்துடன் முடியவில்லை. 2005இல் அமெரிக்காவின் ரோலின்ஸ் கல்லூரியில் தோமஸ் மூர் முதலியோர் செயற்கை இதழ்களால் ட்றம்பெற்றை ஒலிக்கச் செய்து, வாயின் அதிர்வை மணற்பைகளால் அடக்கினர். அடிப்படைத் தொனிக்கும் மேற்றொனிகளுக்கும் இடையிலான விகிதம் மாறியது. பின்னர் வியன்னாவின் கௌசெலுடன் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாய் முழுவதும் குழாயின் அச்சுவழியே முன்னும் பின்னும் அசைவதே இதற்குக் காரணம் எனக் காட்டினர். தகடு தடிக்கத் தடிக்க அவ்வசைவு குறையும் என்பது வெளிப்படை.

ஆகவே வாசிப்போர் கூற்று வெறும் கற்பனையன்று. ஆனால் விலைப்பட்டியல் உணர்த்துமளவு பெரிய வேறுபாடுமன்று என்பது என் கருத்து. கல்லூரி வாத்தியக் குழுவுக்கு வாங்குவோர், கனமான வாத்தியத்தை அணிநடையில் ஏந்திச் செல்லும் பதினான்கு வயது மாணவனின் கையையும் எண்ணுதல் நன்று. தகட்டை அளப்பதற்கு முன் வால்வுகளில் வளிக்கசிவு உண்டோ என நோக்குக. வால்வை அழுத்தாமல் அதற்குரிய வளைகுழாயைச் சற்று வெளியே இழுத்து, சில வினாடி கழித்து வால்வை அழுத்தினால் ‘பொக்’ என்னும் ஓசை பிறக்க வேண்டும். பிறவாத வாத்தியம், எத்தகைய தகட்டால் ஆயினும், சுரம் பிடிக்கத் தயங்கும்.