பூட்டுக்கு சுங்க வரி உண்டு, ஃபைலுக்கு ஏன் இல்லை?

உலக வர்த்தக அமைப்பு பேச்சுவார்த்தைன்னு நியூஸ் வந்தா நம்மில் பலர் சேனலை மாத்திடுவோம். ஆனா அங்க பேசுற ஒரு விஷயம் உங்க ஓடிடி பில்லையும் தொடுது, நம்ம திண்டுக்கல் பூட்டுப் பட்டறையையும் தொடுது.

விஷயம் என்ன?

வெளிநாட்டுப் பூட்டு தூத்துக்குடி துறைமுகத்துல இறங்கினா சுங்க வரி கட்டணும். அதே வெளிநாட்டு சினிமாவோ, சாஃப்ட்வேரோ இன்டர்நெட்ல வந்தா சுங்க வரி கிடையாது. காரணம், 1998-ல் ஜெனீவாவில் உறுப்பு நாடுகள் எடுத்த முடிவு: மின்னணுப் பரிமாற்றத்துக்கு இப்போதைக்கு சுங்க வரி வேண்டாம். தற்காலிகமா ஆரம்பிச்சதை நீட்டிச்சு நீட்டிச்சு கால் நூற்றாண்டு ஓடிருச்சு. 2024-ல் அபுதாபியில் கூடிய 13-வது அமைச்சர்கள் மாநாடு இதுக்கு ஒரு கெடு வெச்சது: அடுத்த மாநாடு, இல்லன்னா 2026 மார்ச் 31, எது முந்தி வருதோ அதுவரை.

இந்தியா ஏன் ஆட்சேபிக்குது?

முன்னாடி சிடியா, புத்தகமா கப்பல்ல வந்தப்போ வரி கிடைச்சது. இப்ப அது ஃபைலா வருது, வரி போச்சு. அடுத்தது முப்பரிமாண அச்சு. பொருளுக்குப் பதிலா டிசைன் ஃபைல் மட்டும் வந்து இங்கேயே அச்சாச்சுன்னா, உள்ளூர் தொழிலுக்குப் பாதுகாப்பா இருக்குற சுங்க வரிக்கு வேலையே இல்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் கிடைச்ச புவிசார் குறியீடு பேரைத்தான் காப்பாத்தும், விலையை இல்லை. ஆனா ஒண்ணு, இன்னைக்கு நம்ம பூட்டுக்குப் பெரிய போட்டி அலிகார் பூட்டுதான். ஃபைல் நாளைய கவலை.

அமெரிக்கா மாதிரி நாடுகள் சொல்றது வேற: வரி போட்டா சாஃப்ட்வேர் விலை ஏறும், சின்ன வியாபாரிக்குத்தான் அடி. இதுலயும் நியாயம் இருக்கு.

உங்க பாக்கெட்டுக்கு என்ன?

சுங்க வரி இல்லைன்னா வரியே இல்லைன்னு அர்த்தம் இல்லை. வெளிநாட்டு ஓடிடி, ஆப் சந்தாவுக்கு 18% ஜிஎஸ்டி ஏற்கெனவே இருக்கு. 499 ரூபாய் பிளான்ல சுமார் 76 ரூபாய் வரிதான். நாளைக்கு சுங்க வரியும் வந்தா, அது இதுக்கு மேல சேரும்.

கடை, பட்டறை வெச்சு ஜிஎஸ்டி பதிவு இருக்குறவங்க கவனிங்க: தொழிலுக்காக வெளிநாட்டு சாஃப்ட்வேர் வாங்கினா, ரிவர்ஸ் சார்ஜ் முறையில நீங்களே வரி கட்டி, உள்ளீட்டு வரி வரவா திரும்ப எடுத்துக்கலாம். உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

உங்க வீட்டு டிஜிட்டல் சந்தா மாசம் எவ்வளவு ஆகுது? கூட்டிப் பார்த்து கமெண்ட்ல சொல்லுங்க!