கவாத்து மிஞ்சும் பருவம்

பதின்பருவத்தில் மூளையின் மேலுறை மெலிகிறது என்று கேட்டுப் பதறத் தேவையில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். சிறுவயதில் தேவைக்கு மேல் தழைத்த நரம்பிணைப்புகளில் பயன்படாதவற்றை, மரத்தைக் கவாத்து செய்வதுபோல, மூளை தானே கழித்துவிடுகிறது. இந்தக் கவாத்து பிசகுவதால் மனச்சிதைவு நோய் வரக்கூடும் என்று 1982இல் ஊகித்தார் அமெரிக்க மருத்துவர் இர்வின் ஃபைன்பெர்க். உயிரோடிருக்கும் பிள்ளையிடம் அதைச் சோதித்துப் பார்க்க அன்று வழியில்லை.

வழி திறந்தது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். எக்ஸ்ரே இல்லாமல் காந்தப்புலத்தால் எடுப்பதால், ஒரே பிள்ளையின் மூளையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம்பிடிக்கலாம். பெதஸ்டாவிலுள்ள அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஜூடித் ராப்பப்போர்ட் குழுவினர், மிக அரிதாக 13 வயதுக்குள்ளேயே நோய் கண்ட பிள்ளைகளை இப்படித்தான் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 12 பேர், நலமான 12 பேர் ஆகியோரின் ஐந்தாண்டுப் படங்களை ஒப்பிட்டு 2001இல் பால் தாம்சன் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நோயுற்றவர்களிடம் மேலுறையின் இழப்பு முதலில் உச்சி மடலில் தெரிந்தது. பிறகு பொட்டுப் பக்கம் நகர்ந்து நெற்றிப் பக்கம் பரவியது. அடிபட்ட காயம் இப்படி ஊர்ந்து போகாது. வளர்ச்சியின் போக்கே தடம் மாறியிருக்கிறது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. வளர்ப்பில் என்ன பிழை செய்தோம் என்று மருகும் பெற்றோர் இதை அறிய வேண்டும்.

மெலிவுக்கு, இந்நோய்க்குத் தரும் மருந்துதான் காரணமோ என்பது நியாயமான கேள்வி. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், இதே வகை மருந்துகளை நெடுநாள் உட்கொண்ட குரங்குகளின் மூளை எடை குறைந்திருந்தது. ஆனால் தாம்சன் குழு, அதே மருந்துகளை உட்கொண்ட, மனச்சிதைவு இல்லாத பிள்ளைகளையும் அளந்தது. அவர்களிடம் இழப்பு குறைவாகவே இருந்தது. மருந்துக்குப் பங்கு உண்டு, முழுப்பழி இல்லை. ஸ்கேனில் தனித்தனி இணைப்பு தெரியாதே என்பதும் சரிதான். அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது 2016இல் வெளியான மரபணு ஆய்வு: நோய் அபாயத்தைக் கூட்டும் சி4 மரபணுவுக்கு, எலிகளில் இணைப்புகளைக் கழிக்கும் வேலையிலும் பங்கு இருந்தது. இத்தனைக்கும், ஒரு ஸ்கேனை மட்டும் பார்த்து ஒரு பிள்ளைக்கு இந்த நோய் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. இவையெல்லாம் குழுக்களின் சராசரி. அந்தச் சராசரிக்குள்ளும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நோயுற்ற பிள்ளைகளின் நலமான உடன்பிறப்புகளிடமும் சிறுவயதில் இதே குறை தெரிந்தது. 20 வயதை எட்டும்போது அது சரியாகிவிட்டிருந்தது.