மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது?

சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்கு இருபது காசு குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நின்று பேசுகிறோம். அதே நாம், வீட்டுக்கு ஒரு சோபா செட் எடுக்கும்போது, மாதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். மொத்தம் எவ்வளவு என்று கேட்பதில்லை. நம் தாய்மார்களுக்குச் சிக்கனம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பதை அவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அப்படிப் பாடுபட்டு மிச்சம் பிடித்த காசு எந்தக் கதவு வழியாக வெளியே போகிறது என்பதைத்தான் நம் குடும்பங்கள் உட்கார்ந்து பார்ப்பதில்லை. கொஞ்சம் பார்ப்போமா?

முதலில் சந்தையையே எடுத்துக்கொள்வோம். ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் அது மறுபடியும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரிலும் அதே இரண்டு நாட்கள்தாம். சிங்கப்பூர் வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களோடு முண்டியடித்துக்கொண்டு, ஜொகூர் பாருவில் ஜாலான் உங்கு புவானிலும் பேரங்காடிகளிலும் நாம் சாமான் வாங்க வேண்டிய தலையெழுத்து என்ன? வேலை நேரம் இடம் கொடுத்தால் புதன் அல்லது வியாழன் மாலையில் போங்கள். விலைச் சீட்டைப் படித்துப் பார்க்க நேரம் கிடைக்கும். குளுவாங், சிகாமட் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அவர்கள் பாசார் தானிக்குப் போனால் காய்கறியைப் பயிரிட்டவரிடமே வாங்கிக்கொள்ளலாம்.

அரசாங்கம் விலை கட்டிய சாமான்கள் சில இருக்கின்றன. 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பாக்கெட் 2 வெள்ளி 50 காசு. சாதாரணச் சீனி கிலோ 2 வெள்ளி 85 காசு. பத்துக் கிலோ உள்நாட்டு வெள்ளை அரிசி மூட்டை 26 வெள்ளி. இவற்றுக்கு மேல் கேட்டால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தீபாவளி நெருங்கும்போது சில பொருள்களுக்கு உள்நாட்டு வாணிப அமைச்சு உச்ச விலையை அறிவிக்கிறது. அந்தப் பட்டியலைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். பட்டியலைக் காட்டினாலே போதும்.

முட்டை கதை வேறு. அதற்கு இருந்த அரசாங்க மானியம் 2025 மே மாதம் பாதியாகக் குறைந்து, ஆகஸ்டு 1-ஆம் தேதி முழுவதும் நின்றுவிட்டது. கோழிக்கு 2023 நவம்பரிலேயே நின்றுபோயிற்று. ஆகவே கோழியைத் துண்டு துண்டாகத் தட்டில் வைத்து விற்பதை வாங்காமல், முழுக் கோழியாக எடுத்து வெட்டித் தரச் சொல்லுங்கள். கழுத்தும் எலும்பும் ஒரு நாள் சூப்புக்கு ஆகும்.

2025 ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை, பதினெட்டு வயதான ஒவ்வொரு குடிமகனுக்கும் அடையாளக் கார்டிலேயே 100 வெள்ளி போட்டார்கள் அல்லவா? கணவன், மனைவி, வேலைக்குப் போகும் பிள்ளை என்று மூன்று பேர் இருந்த வீட்டில் அது 300 வெள்ளி. இத்தகைய உதவி வரும்போது ஆளாளுக்கு ஒரு நாள் போய் ஆளுக்கொரு சாமான் எடுத்து வருவதால் பயனில்லை. ஒன்றாகப் போங்கள். அரிசி, பருப்பு, சவர்க்காரம் என்று கெட்டுப்போகாதவற்றை வாங்கிப் போட்டால், அடுத்த இரண்டு மாதச் சம்பளத்தில் கை வைக்காமல் தள்ளலாம்.

சீனி விலை மலிவு என்றேனே, அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4. மூன்று பேரில் ஒருவர் என்று சொல்லும்படியான நிலை! இனிப்பான கெட்டிப் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டிச் சீனிக்குள் நின்றுகொள்வது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. விடியற்காலையில் ஒன்று, பசியாறலுக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று மூன்று கிளாஸ் தே குடிப்பவர் பலகாரம் எதையும் தொடாமலே அந்தக் கணக்கைத் தாண்டிவிடுவார். நாற்பது வயதைத் தாண்டி, அரசாங்கத்தின் ரொக்க உதவி பெறும் குடும்பமாக இருந்தால், ‘பெக்கா பி40’ திட்டத்தில் கணவன், மனைவி இருவருக்கும் இலவசப் பரிசோதனை உண்டு. மற்றவர்களுக்கும் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். உடம்பு கெட்ட பிறகு செய்யும் செலவில் சிக்கனம் பார்க்கவே முடியாது. காலில் புண் வந்து, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்துப் போகும் வீட்டைக் கேட்டுப் பாருங்கள்.

இனித் தவணைக்கு வருவோம். 1,500 வெள்ளி விலையுள்ள ஒரு பொருள், மாதம் 95 வெள்ளி, இருபத்து நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,280 வெள்ளி. அதாவது 780 வெள்ளி அதிகம். கீரைக் கட்டுக்கு இருபது காசு வீதம் குறைத்து இந்தத் தொகையை ஈடுகட்ட 3,900 கட்டுக் கீரை வாங்க வேண்டும். கைப்பேசியில் ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று வருவதும் இதே பழைய பற்றுக் கணக்கின் புதிய வேஷம்தான். தோட்டத்துக் கடையில் பற்று எழுதி, சம்பளத்தன்று அத்தனையும் பிடித்துக்கொள்ள, வெறுங்கையோடு வீடு திரும்பிய நம் தாத்தாமாருக்கு இந்தத் தந்திரம் நன்றாகத் தெரியும். வாங்கிய பொருள் பழுதாகி, கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே பதியலாம், வக்கீல் வேண்டியதில்லை. ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

அடுத்தது கூட்டு. இதைப் பற்றிப் பேசினாலே சில சகோதரிகளுக்குக் கோபம் வரும். வரட்டும். கூட்டை நான் இகழ மாட்டேன். பேங்கு வாசலே மிதித்திராத நம் பெண்களுக்குச் சேமிப்புப் பழக்கத்தைக் கற்றுத் தந்ததே அதுதான். பிள்ளைக்குக் காது குத்து, தீபாவளித் துணி, மூத்தவளின் பரீட்சைக் கட்டணம் எல்லாம் கூட்டு விழுந்த காசில்தான் நடந்தன. பத்து வெள்ளியைப் பெட்டியில் வைத்தால் பத்து நாளில் காணாமல் போகும். கூட்டில் போட்டால் பக்கத்து வீட்டக்காவுக்குப் பயந்தாவது மாதா மாதம் கட்டுவோம். அது உண்மை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு பேர், மாதம் 100 வெள்ளி. கடைசி மாதம் எடுப்பவர் ஆண்டு முழுவதும் காத்திருந்து, தாம் போட்ட 1,200 வெள்ளியையே திரும்ப வாங்குகிறார். ஒரு காசு வட்டி இல்லை. நடுவில் கூட்டுப் பிடித்தவர் ஊரை விட்டுப் போனால் அதுவும் இல்லை. போலீசில் சொல்லலாமே என்றால், நம் நாட்டில் 1971-இலேயே கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்துவிட்டது. கூட்டுப் பிடிப்பதை ஒரு தொழிலாக நடத்துவது குற்றம். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல் ஏறியிருக்கிறது என்பது பெருமையா சிறுமையா, நீங்களே சொல்லுங்கள். தெரிந்தவர்கள் நாலு பேர் என்பது போய், முகம் தெரியாதவர்களைக் கைப்பேசிக் குழுவில் சேர்த்து, முதலில் எடுத்தால் இவ்வளவு, பிறகு எடுத்தால் அவ்வளவு என்று நடத்துகிறார்களே, அதில் மட்டும் தயவுசெய்து தலையைக் கொடுக்காதீர்கள்.

அதே நூறு வெள்ளிக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது. வீட்டில் இடியாப்பம் அவித்து விற்கிறீர்கள், துணி தைக்கிறீர்கள், பிள்ளை பார்த்துக்கொள்கிறீர்கள். முதலாளி என்று ஒருவர் இல்லை. அப்படியானால் ஊழியர் சேமநிதியில் ‘ஐ-சாரான்’ திட்டத்தில் சேரலாம். 2025-ஆம் ஆண்டு விதிப்படி, நீங்கள் போடும் தொகையில் நூற்றுக்கு 20 வீதம், ஆண்டுக்கு 500 வெள்ளி வரை அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது. 1,200 வெள்ளி போட்டால் 240 வெள்ளி. அதற்கு மேல் லாப ஈவு வேறு. 2024-க்கு அது 6.3 விழுக்காடு. நினைத்தவுடன் முழுவதையும் எடுக்க முடியாதே என்பீர்கள். 2024 மே 11 முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. புதிதாகப் போடுவதில் பத்தில் ஒரு பங்கு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் விழும். மீதியை எடுக்க முடியாமல் இருப்பது நன்மைக்கே என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. 2022 டிசம்பரிலிருந்து சொக்சோவில் இல்லத்தரசிகளுக்கென்று ஒரு பாதுகாப்புத் திட்டம் நடக்கிறது. ஆண்டுக்கு 120 வெள்ளி, 55 வயதுக்குள் சேர வேண்டும். சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தாலும், கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டினாலும், அதுவும் வேலையில் நேர்ந்த விபத்தாகக் கணக்கில் வரும். வீட்டு வேலை ஒரு வேலைதான் என்று சட்டம் ஒத்துக்கொண்டுவிட்டது. நம் வீட்டு ஆண்கள் எப்போது ஒத்துக்கொள்வார்களோ! மாதத்துக்குப் பத்து வெள்ளி என்பது இரண்டு பாக்கெட் சிகரெட்டின் விலைகூட இல்லை.

பத்து வெள்ளி என்றதும் ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வருகிறது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகப் பால்மரம் வெட்டியவர்கள் கொடுத்த பணத்தில்தான் அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அன்றைய சம்பளத்தில் பத்து வெள்ளி சிறிய தொகை அல்ல. அவர்கள் பயந்தது எதற்கு என்று நாமும் யோசிக்க வேண்டும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நிற்கும் நாளில் கூரையும் போய்விடும். இன்றும் அறுபது வயதில் ஓய்வு பெறும் செம்பனைத் தோட்டத் தொழிலாளிக்கு அதே நிலைதான். எங்கே போவது என்று ஐம்பத்தொன்பதாம் வயதில் யோசித்தால் தாமதம். சேமநிதியின் இரண்டாவது கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சம்பளம் பேங்கில் விழுந்த அன்று இரவு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்காருங்கள். பெரிய பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். குடிக்கும் செலவு உண்டென்றால் அதுவும் அந்த நோட்டில் ஏறட்டும். திட்டாமல் எழுதுங்கள், எழுத்தில் பார்க்கும்போது வரும் வெட்கம் திட்டில் வராது. கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் ஆலோங்கைத் தேடிப் போக வேண்டாம். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரரே அடைமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. பேங்கு நெகாராவின் ஏற்பாட்டில் 2006 முதல் இயங்கும் ஏகேபிகே நிலையம், பேங்குக் கடனைத் திருப்பிக் கட்ட வழி சொல்லித் தருகிறது. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

சம்பளச் சீட்டையும் அன்றே பாருங்கள். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் சேமநிதிக்குத் தொழிலாளி பங்கு 187, முதலாளி பங்கு 221. மாதம் 408 வெள்ளி உண்மையிலேயே கணக்கில் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். அப்படியே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: அந்தக் கணக்குக்கு வாரிசாக யார் பெயர் இருக்கிறது? கல்யாணத்துக்கு முன்னே, இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த பெயரே இன்னும் இருக்கலாம். அல்லது யார் பெயருமே இல்லாதிருக்கலாம். மாற்றக் கட்டணம் இல்லை. அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு, அடுத்த விடுப்பு நாளில் இருவரும் சேமநிதி அலுவலகத்துக்குச் சேர்ந்தே போய் வாருங்கள்.