ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு கணக்கு

புது கார் எடுத்தவர்கள் கொண்டுவந்து நீட்டும் கொட்டேஷனில் மேலே பெரிய எழுத்தில் இருக்கும் விலையை நான் பார்ப்பதில்லை. கண் நேராகக் கடைசி நான்கைந்து வரிகளுக்குத்தான் போகும். ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ், எசென்ஷியல் கிட், ஆர்.டி.ஓ. இதர செலவு என்று வரிசையாக இருக்கும். எதிரே 5,000, 8,500, 25,000 என முழு முழு ரூபாயாகத் தொகைகள். வரியும் இன்சூரன்ஸ் பிரீமியமும் சதவீதம் போட்டு வருபவை. அவை சில்லறையோடுதான் வரும். உருண்டையாக ஒரு தொகை நின்றால் அது யாரோ மனதுக்குத் தோன்றியதை எழுதியது என்று சந்தேகப்படுங்கள்.

"இதுக்குத் தனியா பில் கொடுத்தாங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் "கேக்கலைங்க" என்கிறார்கள். மீதிப் பேர், "எல்லாருமே கட்டுறாங்களே" என்கிறார்கள். பத்துப் பதினைந்து லட்சம் ரூபாய் பொருளுக்கு இந்த இரண்டுமே பதில் அல்ல.

கேட்டவுடன் கிடைக்கிற வண்டிக்கு இந்தத் தொந்தரவு குறைவு. தள்ளுபடி கொடுத்துத் தள்ளிவிடுவார்கள். சிக்கலெல்லாம் அடிதடியாக விற்கும் வண்டிகளில்தான். 2022 ஜூலை 30 அன்று ஸ்கார்ப்பியோ-என் புக்கிங் திறந்த அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிவு செய்தார்கள். 2024 அக்டோபர் 3 அன்று தார் ராக்ஸுக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே 1,76,218 பேர். வரிசை அவ்வளவு நீளம் என்றால் வரிசையில் இடம் என்பதே விற்பனைச் சரக்காகிவிடுகிறது. விலைப்பட்டியலில் கை வைக்க மாட்டார்கள்; அது கம்பெனி இணையதளத்தில் ஊர்வாரியாக இருக்கிறது, யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கூடுதல் பணம் பக்கவாட்டில் வரும். "ஆக்சஸரீஸ் பேக்கேஜ் 60,000-க்கு எடுத்தா அடுத்த மாசமே டெலிவரி", "இன்சூரன்ஸ் எங்ககிட்டதான் போடணும்", "கேன்சல் ஆன வண்டி ஒண்ணு இருக்கு, கொஞ்சம் கேஷா பார்த்துக்குங்க." இப்படித்தான் பேச்சு போகும்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. வரிசையைத் தாண்டக் காசு கொடுக்கிறவர் இருப்பதால்தான் வாங்குகிறவர் இருக்கிறார். நாள் பார்த்து வண்டி எடுக்கும் பழக்கம் ஷோரூம்காரருக்கு இன்னொரு பிடி. ஆயுத பூஜைக்கு வண்டி வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். கடைசித் தொகை விவரம் அன்று காலை ஒன்பதரை மணிக்குத்தான் கைக்கு வரும். மாலை போட்டாகிவிட்டது, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது. அந்த நேரத்தில் 12,000 ரூபாய்க்கு யார் சண்டை போடுவார்கள்? அதனால், இறுதித் தொகை முழுவதையும் டெலிவரிக்கு மூன்று நாள் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நல்ல நாள் எது என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொரு பொருளையோ சேவையையோ சேர்த்து வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை போடுவதை அதன் 2(41) பிரிவு கட்டுப்படுத்தும் வணிக முறை என்கிறது. சீட் கவர் எடுத்தால்தான் கார் என்பது அப்பட்டமாக இதில் வரும். அதே பிரிவில் பலர் கவனிக்காத இன்னொரு வரி உண்டு: ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டித் தாமதம் செய்து, அதனால் விலை ஏறினாலோ ஏற வாய்ப்பிருந்தாலோ அதுவும் கட்டுப்படுத்தும் வணிக முறைதான். பணம் வாங்கிக்கொண்டு பில்லோ ரசீதோ தர மறுப்பது 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக முறை.

ஆனால் ஒப்புக்கொண்ட காலம் எது? புக்கிங் படிவத்தில் டெலிவரி தேதிக்கான கட்டம் காலியாகவே கிடக்கும். டெலிவரி நாளன்று உள்ள விலையே பொருந்தும் என்று மட்டும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். தேதி எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மேலே சொன்ன வரியால் உங்களுக்குப் பைசா பயனில்லை. தோராயமாக எந்த மாதம், எந்த வாரம் என்றாவது எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால், "நீங்கள் இன்ன மாதம் டெலிவரி என்று சொன்னதன் பேரில் புக்கிங் செய்கிறேன்" என்று அன்றே ஷோரூமின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு ஒரு வரி அனுப்பி வையுங்கள்.

இனி தொகைகள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட ஆயுட்கால வரி, காரின் விலை 5 லட்சம் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. பெரிய செலவு இதுதான்; இதற்கு அரசு ரசீது உண்டு, கேட்டு வாங்குங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சொந்தக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். ஆர்.சி. ஸ்மார்ட் கார்டுக்கு 200. கடனில் எடுத்தால் அதைப் பதிவு செய்ய 1,500. சேவைக் கட்டணம் போன்ற சில்லறைகளைச் சேர்த்தாலும் கொட்டேஷனில் ஆர்.டி.ஓ. இதர செலவு 9,000 என்று வர வழியே இல்லை. இந்த வரியைக் காட்டி, "எந்த ரசீதுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள், பல நேரம் அந்த இடத்திலேயே தொகை இறங்கும்.

ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் இரண்டும் அரசுக்குப் போகும் பணமல்ல. கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவருவது விற்பனையாளரின் வேலை. அதற்குத்தான் அவருக்குக் கம்பெனி லாபப் பங்கு தருகிறது. எக்ஸ்-ஷோரூம் விலை என்றாலே ஷோரூம் வாசலில் வைத்த விலை. வாசலுக்கு வந்து சேர்ந்த செலவை மறுபடியும் நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

ஆக்சஸரீஸில் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். கார் டப்பாவில் அடைத்து வரும் சரக்கல்ல, அதன் மேல் எம்.ஆர்.பி. ஒட்டுவதில்லை. ஃப்ளோர் மேட்டும் மட் ஃப்ளாப்பும் டப்பாவில்தான் வருகின்றன. டப்பாக்களைக் கொண்டுவரச் சொல்லி, எம்.ஆர்.பி.யைக் கூட்டி, பேக்கேஜ் தொகையோடு ஒப்பிடுங்கள். டெஃப்லான் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங் போன்றவற்றுக்கு டப்பாவே கிடையாது. பேக்கேஜ் அவற்றால்தான் வீங்கும்.

இன்சூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மிரட்டல் அதிகம் இங்கேதான். கட்டாயமானவை இரண்டுதான். ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். அதன் பிரீமியம் அரசு நிர்ணயித்தது. 2022 ஜூன் 1 முதல் வந்த அறிவிப்பின்படி மூன்றாண்டுக்கு 1000 சிசி வரை 6,521 ரூபாய், 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, ஜிஎஸ்டி தனி. வாங்கும் நாளில் நடப்பு அறிவிப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்றொன்று உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு, 15 லட்சத்துக்கு வேண்டும். ஏற்கெனவே உங்களிடம் தனியாக அது இருந்தால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. ஜீரோ டெப், இன்ஜின் புரொடெக்ட், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் எல்லாம் உங்கள் விருப்பம். எந்தக் கம்பெனியில், யார் மூலம் பாலிசி எடுப்பது என்பதும் உங்கள் விருப்பமே. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017 நவம்பர் முதல் ஷோரூம்களுக்கென்று தனி வழிகாட்டு நெறிகளே வைத்திருக்கிறது. அதன்படி எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. வெளியே பாலிசி எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது என்று சொன்னால், அதை ஷோரூம் லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். புகார் எண் 155255, இணையத்தில் பீமா பரோசா தளம்.

விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1% டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது செலவு அல்ல, உங்கள் பான் எண்ணில் ஏறும் வருமான வரி. சரியான பான் கொடுத்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். வரி கட்ட வேண்டாதவருக்குத் திரும்பக் கிடைக்கும். இதைக் கேட்காமலே விட்டவர்கள் ஏராளம்.

பணம் கட்டும் முறைக்கு வருகிறேன். விற்பனைப் பிரதிநிதியின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். புக்கிங் பணத்தை அப்படி வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போய்விட்டால், "எங்கள் கணக்குக்கு வரவில்லை" என்று ஷோரூம் கை விரிக்கும். காசோலை, வங்கிப் பரிமாற்றம் எதுவானாலும் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே. ரொக்கம் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். ரொக்கம் கேட்பதே ரசீது தராமல் இருக்கத்தான். பதிவு விண்ணப்பமான படிவம் 20-இல் வெற்றாகக் கையெழுத்துப் போடாதீர்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். கிடங்கில் கிடந்த போன வருஷத்து வண்டி புது விலைக்கு வருகிறதா என்று அதில் தெரியும்.

வண்டி வேண்டும், சண்டையும் வேண்டாம் என்றால் ஒரு வழி உண்டு. "நீங்கள் கேட்ட ஹேண்ட்லிங் தொகை 12,000 எதற்கு என்று விளக்கவும்" என்று வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் முதலில் கேளுங்கள். பிறகு, "டெலிவரி நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிவிட்டு வங்கி வழியாகக் கட்டுங்கள். டெலிவரி நாளில் நீட்டும் 'முழுத் திருப்தி' தாளிலும் அதே வரியைக் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து புகார். முதல் படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. அவர்கள் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். சிறு தொகைகள் பல இங்கேயே திரும்பி வருகின்றன. ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. புகார் எண் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். சும்மா மனுக் கொடுத்தால் அது ஆர்.டி.ஓ.வுக்குப் போகும், ஆர்.டி.ஓ., "விலை விவகாரம் எங்கள் வரம்பில் இல்லை" என்று திருப்புவார், கோப்பு மூடப்படும். இந்தச் சுற்றலுக்கு இடம் கொடுக்காதீர்கள். நுகர்வோர் சட்டத்தின் 16-ஆம் பிரிவு நேர்மையற்ற வணிக முறைகளை விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை ஆட்சியருக்கே தருகிறது. மனுவின் தலைப்பிலேயே அந்தப் பிரிவை எழுதுங்கள். அதே ஷோரூமில் பணம் கொடுத்த இன்னும் நாலு பேர் சேர்ந்து கொடுத்தால் கனம் கூடும். அந்தப் பிரிவு பேசுவது பலரைப் பாதிக்கும் விஷயங்களைத்தான். ஆர்.டி.ஓ. சொல்வதும் முழு உண்மை அல்ல. பதிவாகாத வண்டியைச் சாலையில் ஓட்ட ஒவ்வொரு விற்பனையாளரும் வைத்திருக்கும் டிரேடு சர்டிபிகேட்டைக் கொடுப்பது அவர்கள் அலுவலகம்தான். கொடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவா தெரியாது?

மூன்றாவது, உண்மையில் பணம் வாங்கித் தரும் இடம்: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். முதலில் ஷோரூமுக்கும் கார் கம்பெனிக்கும், 15 நாள் கெடு கொடுத்து, ஒப்புகையுடன் கூடிய ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம். பதில் வராவிட்டால் மனு. ஷோரூம் ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. 34-ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதல் மாவட்ட ஆணையத்தில் அடங்கும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200, 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே ஏற்றலாம். தேதிவாரியாக நடந்ததைச் சொல்லும் ஒரு பக்கம், மனு, பிரமாணப் பத்திரம், கொட்டேஷன், புக்கிங் ரசீது, வரி ரசீது, பாலிசி, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட், ஸ்பீட் போஸ்ட் ரசீது, இவ்வளவும் சேர்த்து. கார் கம்பெனியை இரண்டாம் எதிர்மனுதாரராகக் கண்டிப்பாகச் சேருங்கள்.

கம்பெனி, "ஷோரூம் தனி முதலாளி, எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லும். விற்பனையாளர்கள் அதிகத் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியதற்காக 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர் வேஷத்தில் ஆள் அனுப்பித் தள்ளுபடியைக் கண்காணித்ததை அந்த உத்தரவு விவரிக்கிறது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. அது வேறு கதை. ஆள் வைத்து ஷோரூமைக் கண்காணிப்பது முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

புக்கிங் ரத்து செய்து முன்பணம் வராதவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மனுவில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தலைப்புப் போட்டால் அது மாநில ஆணையத்தின் வரம்பு. மாவட்டத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக முறை' என்றே எழுதுங்கள். காலவரம்பு இரண்டு ஆண்டு. 1915-இல் பேசிக்கொண்டிருந்த நாட்களும் அதில் கரையும்.

டாக்ஸிக்கு வண்டி எடுத்தவர்கள் தங்களுக்கு இந்தச் சட்டம் இல்லை என்று ஒதுங்குகிறார்கள். பிழைப்புக்காகச் சுயதொழிலாகத் தானே ஓட்ட வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2(7) பிரிவின் விளக்கம் சொல்கிறது. மனுவின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லி, ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் முதல் ஆவணமாக இணைத்துவிடுங்கள்.